செவ்வாய்க்கிழமைத் தண்ணீர்

தெளிந்த நீரைக் கண்டால் எனக்கு அச்சம். கலங்கிய நீர் தன் குற்றத்தைத் தானே காட்டிவிடுகிறது, கண்டவர் ஒதுங்கிக்கொள்ளலாம். அடிவரை தெரியும் நீர் எதையும் சொல்வதில்லை. இன்றும் குவளையை வெளிச்சத்திற்கு நேரே பிடித்துப் பார்க்கிறேன். பார்த்தும் எதுவும் அறியாமல் மேசைமேல் வைத்துவிட்டுச் சற்று நேரம் நிற்கிறேன். இவ்வழக்கம் என்னைப் பற்றிக்கொண்டது எழுபதுகளின் நடுப்பகுதியில், பதுளையிலிருந்து லுணுகலைக்குப் போகும் வீதியைவிட்டுப் பிரிந்து மலையேறிய ஒரு பாதையின் முடிவில், ஒரு தேயிலைத் தோட்டத்தில்.

அத்தோட்டத்துப் பாடசாலையில் நான் ஆசிரியையாக இருந்தேன். ஒரே நீண்ட அறைதான் பாடசாலை. அதன் முதுகில் ஒட்டியிருந்த இரண்டு சிற்றறைகள் என் வீடு. கணவர் பண்டாரவளையில் ஒரு மரக்கறிக் கடையில் வேலை பார்த்தார். சனி மாலை வருவார், ஞாயிறு மாலை திரும்புவார். வீட்டுக்குப் பின்னால் பாறையிடுக்கில் கசிந்த ஊற்று என் அடுப்படிக்குப் போதுமானதாக இருந்தது. கீழே லயங்கள் எனப்படும் வரிசை வீடுகளில் வாழ்ந்த தொழிலாளர் குடும்பங்களுக்கோ, மேல்மலையிலிருந்து இறங்கிய ஓடையைத் தவிர வேறு நீர் இல்லை. ஓடையை ஒரு சிமெந்துத் தொட்டியில் தேக்கி, இரும்புக் குழாய் வழியே லயத்தின் முனைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். இரவும் பகலும் ஓயாமல் நீர் கொட்டிய அந்தக் குழாய்வாயைப் பீலி என்பார்கள். குளிப்பது, துவைப்பது, குடத்தில் பிடிப்பது, ஊர்வம்பு பேசுவது யாவும் அங்கேதான். தொட்டிக்கு மேலே, ஓடையின் கரையை ஒட்டி, இன்னொரு லயத்தின் மலக்குழிகளும் ஒரு மாட்டுப்பட்டியும் இருந்தன. அதை எல்லாரும் அறிவர். ஓடும் நீர் பாறைகளில் புரண்டு வருகையில் தூய்மையாகிவிடும் என்று எல்லாரும் நம்பவும் செய்தனர். நானும் நம்பினேன்.

என் மூத்த மகள் குடித்தது அந்தப் பீலித் தண்ணீர். நான் வகுப்பில் நின்ற பொழுதெல்லாம் அவள் பிள்ளைக்காம்பராவில் இருந்தாள். தாய்மார் கொழுந்தெடுக்கச் செல்லும்போது கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் ஒற்றையறைக் கட்டடம் அது. பீலிக்கு நேர் மேலே இருந்தது. பதினொரு மாதம் நிறைந்தபோது, ஒரு கார்த்திகை மழையில், வயிற்றோட்டம் கண்டு மூன்றே நாளில் அவள் போய்விட்டாள். கடைசி இரவில் வாயைத் திறந்து நெடுநேரம் அழுதாள், கண்ணீர் வரவில்லை. உலர்ந்த கண்களோடு ஒரு குழந்தை அழுவதைக் கண்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. காணாதவர்களுக்கு விளக்க எனக்கு விருப்பமில்லை.

இரண்டு ஆண்டுகளின் பின் மகன் பிறந்தான். அவனையும் அதே அறையில், அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட அதே ஆயாவின் கையில் விடவேண்டியதாயிற்று. ஆயா நாற்பதை எட்டாதவர். இடுப்பில் யாராவது ஒருவருடைய பிள்ளையும், நாவில் யாராவது ஒருவரைப் பற்றிய குத்தலும் எப்போதும் இருக்கும். நான் அவரை அக்கா என்பேன். நான் பிள்ளையைக் கொடுத்துவிட்டு வாசலிலேயே நிற்பதைக் கண்டால், “என்ன டீச்சரம்மா, புள்ளைய வச்சுட்டுக் கால மட்டும் இங்க விட்டுட்டுப் போறீங்களா?” என்பார். நான் சிரிப்பேன், நகரமாட்டேன். மகனுக்கு எத்தனை மாதம் என்று கேட்டவர்களுக்கு விடை சொல்லும்போதே, பதினொன்றுக்கு இன்னும் எத்தனை என்று என் மனம் தனியே எண்ணிக்கொள்ளும்.

அவனுக்கு எட்டாம் மாதம் நடக்கையில் பதுளையிலிருந்து ஒரு சுகாதாரப் பரிசோதகர் வந்தார். சிங்களவர், தமிழை நிதானமாகவும் பிழை குறைவாகவும் பேசினார். ஓர் அட்டைப்பெட்டி நிறையக் கண்ணாடிப் போத்தல்கள் கொண்டுவந்திருந்தார். வாயைப் பழுப்புத் தாளால் மூடி நூலால் கட்டியிருந்த அவை மருத்துவமனையில் கொதிநீராவியில் வைத்து எடுக்கப்பட்டவை.

“டீச்சர், எங்களுக்கு ஆள் இல்ல. ஜீப் ஒண்ணு இருக்கு, அது ஓடுறதில்ல,” என்றார். “வாரத்துக்கு ஒரு போத்தல் பீலியில பிடிச்சு அனுப்புங்க. ஆஸ்பத்திரியில சோதிச்சுத் துண்டு எழுதித் தருவாங்க. சம்பளம் கிடையாது. நன்றி மட்டும் உண்டு, அதுவும் சிங்களத்துலதான் வரும்.”

அவர் சொல்லி முடிக்குமுன் நான் உடன்பட்டுவிட்டேன். தோட்டத்தின் நலம் கருதி என்று அன்று சொல்லிக்கொண்டேன். உண்மையில், என் மகன் விழுங்கும் நீரில் என்ன இருக்கிறது என்று யாராவது எழுதித் தந்தால் போதும் என்பதே என் எண்ணமாக இருந்தது. அறிந்துகொண்டால் அச்சம் ஒழியும் என்று நினைத்தேன்.

செய்முறை எளிது; ஆயினும் ஒன்றையும் விடக்கூடாது. பஞ்சை எரிசாராயத்தில் தோய்த்துக் கம்பியில் சுற்றி, கொளுத்தி, அச்சுடரால் குழாயின் உதட்டைச் சுட வேண்டும். பின்பு சற்று நேரம் நீரை ஓடவிட வேண்டும். போத்தல் மூடியின் உட்புறத்தில் விரல் படலாகாது. கழுத்துவரை நிரப்பாமல் ஓரங்குலம் காற்றுக்கு இடம் விட வேண்டும். ஈரச்சாக்கில் சுற்றி, நண்பகலுக்குள் பதுளையில் சேர்க்க வேண்டும். தோட்டத்துத் தபால் பையை நாள்தோறும் பதுளைக்குக் கொண்டுசெல்லும் தபால்காரர் சுமக்க இசைந்தார். செவ்வாய்க்கிழமைகளில் ஆய்வுகூடத்தில் கூட்டம் குறைவு என்பதால் அந்நாளைக் குறித்தோம். நான் காலை ஆறரை மணிக்குப் பீலிக்குச் செல்வதென்றும், ஏழு மணிக்கு அவர் புறப்படுவதென்றும் முடிவாயிற்று.

முதல் செவ்வாயன்று, நான் எரியும் பஞ்சைக் குழாயைச் சுற்றிக் காட்டியதைப் பார்த்து, குடத்தோடு நின்ற பெண்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள்.

“அடியே, டீச்சரம்மா பீலிக்கு ஆரத்தி எடுக்குறாங்கடி!”

“எடுக்கட்டும், எடுக்கட்டும். நம்ம மூஞ்சிக்கு எவ எடுத்தா?” என்றார் ஆயா.

பாதையில் தபால்காரரும் தம் பங்குக்கு விடவில்லை. ஈரச்சாக்கை முகர்ந்து பார்த்து, “பஸ்ல எவனாச்சும் கசிப்புச் சாராயம்னு புடுங்கிக் குடிச்சுப்புட்டா நான் பொறுப்பில்லீங்க,” என்றார்.

அடுத்த வாரம் அவர் கொண்டுவந்த துண்டில் இரண்டே வரிகள். ஒன்று போத்தலின் இலக்கம். மற்றொன்றை அந்தப் பரிசோதகர் தம் கையாலேயே தமிழில் எழுதியிருந்தார்: குடிக்க உகந்ததன்று.

அவ்வரியை நான் மறுமுறை படிக்கவில்லை. வகுப்பை அப்படியே விட்டுச் சரிவில் இறங்கி ஓடி, ஆயாவின் கையிலிருந்த குவளையைப் பறித்தேன். இனித் தண்ணீரைக் காய்ச்சாமல் பிள்ளைகளின் வாயில் வைக்கக்கூடாது என்றேன். பத்தொன்பது பிள்ளைகளுக்குக் காய்ச்ச விறகுக்கு எங்கே போவது என்று அவர் கேட்டார். கேள்வி நியாயமானது. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது விழும் மிலாறுதான் எங்களுக்கு விறகு. அந்த ஆண்டு கவ்வாத்து எங்கோ தொலைவான மலையில் நடந்தது. ஆயினும் அவர் காய்ச்சினார். முணுமுணுத்துக்கொண்டே காய்ச்சினார்.

அன்று மாலையே தோட்டத்தின் தலைமை எழுத்தரான பெரிய கிளாக்கர் என்னைக் காரியாலயத்திற்கு அழைத்தார். யாழ்ப்பாணத்தவர், வெள்ளை உடை, சினந்து பேசும் வழக்கம் இல்லாதவர். கம்பனியாரின் கையிலிருந்து தோட்டங்களை அரசாங்கம் எடுக்கப்போகிறது என்ற பேச்சு எங்கும் பரவியிருந்த காலம். தம் வேலையைப் பற்றிய அச்சம் அவருக்கும் இருந்திருக்கும்.

“டீச்சர், படிப்பிக்கத்தானே வந்தனீங்கள்? எங்கட தண்ணியை ஏன் பதுளைக்கு அனுப்பிறீங்கள்?” என்றார். “இன்னொருக்கா இப்பிடி ஒரு துண்டு வந்தால் துரை என்னைக் கேட்பார். நான் உங்களைக் கேட்கமாட்டன். மாற்றத்துக்கு எழுதிப்போடுவன்.”

 இடமாற்றம் என்றால் எங்கே, கைக்குழந்தையோடு எப்படி என்று திரும்பும் வழியெல்லாம் புலம்பினேன். பிள்ளையை வாங்கப் போன இடத்தில், என் அச்சத்தைத் தனியே சுமக்க இயலாமல், அவர் சொன்னதை முழுவதும் ஆயாவிடம் சொல்லிவிட்டேன். அவர் பிள்ளையின் மூக்கைத் துடைத்தபடியே கேட்டார்.

“நம்ம தண்ணியால உங்களுக்குக் கெட்ட பேரா? விடுங்க டீச்சரம்மா,” என்றார்.  ஆறுதலாகச் சொல்கிறார் என்றே கொண்டேன்.

அடுத்த துண்டு, உகந்தது என்று வந்தது. அதற்கடுத்ததும் அவ்வாறே. ஆறு வாரம் தொடர்ந்து அதே சொல். முதல் போத்தலை நான் பிழையாகப் பிடித்திருக்க வேண்டும் என்றும், மூடியில் என் விரல் பட்டிருக்க வேண்டும் என்றும் பரிசோதகர் எழுதியனுப்பினார். அவமானமாக இருந்தது, அவமானத்தைவிடப் பன்மடங்கு ஆறுதலாக இருந்தது. செவ்வாய்க் காலைகளில் பீலியருகே மருத்துவமனை வாடையொன்று இலேசாக வீசுவதை நான் உணராமலில்லை. போத்தலின் வாடை என்றோ, எரிசாராயத்தின் வாடை என்றோ எண்ணிக்கொண்டேன். ஆறரை மணிக்குக் குடங்களோடு நெருக்கியடிக்கும் கூட்டம் செவ்வாயில் மட்டும் இல்லாமற் போனதையும் கண்டேன். எனக்கு வழிவிட்டு ஒதுங்குகிறார்கள் என்று மகிழ்ந்தேன். நமக்கு வேண்டிய விடை கிடைத்த பின்பு, கண் காண்பதை எல்லாம் மனம் அவ்விடைக்கே சான்றாக்கிவிடுகிறது.

பாடசாலையில் உடைந்துபோயிருந்த சிறிய கரும்பலகையொன்றைப் பீலிக்கு மேலே பிள்ளைக்காம்பராச் சுவரில் மாட்டினேன். ஒவ்வொரு துண்டு வந்ததும் அதில் எழுதுவேன்: தண்ணீர் நல்லது. என் மாணவியர் அதை உரக்கப் படித்துத் தாய்மாருக்குச் சொல்வார்கள். ஆறாம் வாரம் எழுதி முடித்துச் சுண்ணாம்புக் கட்டியைத் தட்டியபோது, ஆயா அடுப்பண்டை புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தார்.

“இனிக் காய்ச்ச வேண்டாம், அக்கா,” என்றேன்.

நான்கு சொற்கள். பிறர் சொல்லவில்லை, நான் சொன்னேன்.

மழை பிடித்தது. மகனுக்குப் பத்து மாதம் முடிந்து பதினொன்றாவது நடந்துகொண்டிருந்தது. கீழ் லயத்தில் ஒரு பிள்ளைக்கு வயிற்றோட்டம் என்றார்கள். இரண்டு நாளில் இன்னொன்றுக்கு. நான் பலகையைப் பார்த்தேன். நல்லது என்று என் கையெழுத்தே சொல்லிற்று. பல் முளைக்கும் வயது, பச்சைக் கொய்யாவைத் தின்றிருக்கும், மழைக்குளிர் என்று ஏதேதோ காரணங்களை நானே தேடி, கேட்டவர்க்கெல்லாம் சொன்னேன். இரவில் மகனின் வயிற்றின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டே படுத்தேன். உள்ளே ஏதேனும் இரைகிறதா என்று கை கேட்டுக்கொண்டிருந்தது.

ஞாயிறு மாலை கணவர் பேருந்தேறிய பின், விளக்கேற்றும் வேளையில், மகனின் துணி முதன்முறை நனைந்தது. விடியுமுன் ஐந்து முறை. திங்கள் காலை தோட்ட மருந்தகத்தில் இளஞ்சிவப்பு மருந்தொன்று கொடுத்தார்கள். அது உள்ளே போன விரைவிலேயே வெளியே வந்தது. அன்று இரவு அவன் உச்சிக்குழி உள்வாங்கத் தொடங்கியதை விரல் நுனியால் தடவி அறிந்தேன். நள்ளிரவு தாண்டி அவன் அழுதான். விளக்கை அருகே கொண்டுபோனேன்.  கன்னங்கள் உலர்ந்திருந்தன. கண்கள் உலர்ந்திருந்தன. வாய் மட்டும் அழுதது.

அன்று நான் கொண்ட அச்சத்திற்கு நிகரானதை அதற்கு முன்னும் பின்னும் அறிந்ததில்லை. மூத்தவளின்போது என்ன வருகிறது என்று எனக்குத் தெரியாது. இம்முறை ஒவ்வொரு படியும் தெரிந்தது.

செவ்வாய் அதிகாலை நாலரை மணிக்குப் பிள்ளையைச் சேலைத்தலைப்பில் கட்டிக்கொண்டு புறப்பட்டேன். பதுளைக்கு முதல் பேருந்து ஐந்தரைக்கு; அதற்கு லயத்தின் வழியாக இறங்க வேண்டும். கைப்பையில் அவ்வாரத்துப் போத்தலும் இருந்தது. ஏன் எடுத்தேன் என்று பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். கடமை என்பதால் அல்ல; பழகிய ஒன்றைச் செய்துகொண்டிருந்தால் பழகாதது நடக்காது என்று பித்துப் பிடித்தாற்போல் நினைத்திருக்க வேண்டும்.

பீலியில் ஓர் அரிக்கன் லாம்பு எரிந்தது. நான்கைந்து பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்றார்கள். ஒருவர் தேங்காய்ப் பொச்சும் சாம்பலும் கொண்டு குழாயைத் தேய்த்தார். இன்னொருவர் அண்டாவிலிருந்து கொதிநீரை மொண்டு குழாய்வாயின்மேல் ஊற்றினார். ஆவி லாம்பு வெளிச்சத்தில் வெண்மையாக எழுந்தது. அந்த மருத்துவமனை வாடை மூச்சை அடைத்தது. மேலே தொட்டிப் பக்கத்திலிருந்து ஆயா ஒரு தகர டின்னோடு இறங்கி வந்தார்; முழங்கைவரை வெள்ளைத் தூள்.

என்னைக் கண்டதும் ஆயா சிரித்தார். மறைக்க வேண்டிய எதையோ செய்தவர் சிரித்த சிரிப்பல்ல அது.

“என்ன டீச்சரம்மா, இன்னிக்கு இருட்டோட வந்துட்டீங்க? இன்னும் பீலி தயாராகலையே!”

“என்ன அக்கா இது?”

“வாசக்கூட்டிக்கிட்ட வாங்குன தூளு. கானுக்குப் போடுறது. தொட்டியில ரெண்டு கை போட்டா ஒரு பூச்சி மிஞ்சாது.”

லயத்தின் வாசலையும் கான்களையும் கூட்டுபவரிடம், கழிவுநீர் ஓடும் அந்தக் கான்களில் தூவுவதற்காகக் கொடுக்கப்படும் கிருமிகொல்லித் தூள் அது.

“எத்தனை நாளாக?”

“அந்தக் கெட்ட துண்டு வந்ததுலருந்து. செவ்வாக்கெழம தவறாம.” அவர் பெருமையோடு மற்றவர்களைப் பார்த்தார். “பெரிய தொர வர்றாருன்னா லயத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கிறோமில்ல? நம்ம தண்ணி பதுளைக்குப் போகுது, பெரிய ஆஸ்பத்திரியில பாக்குறாங்க. கழுவாம கொள்ளாம அனுப்புனா யாருக்கு மானம் போகும்? உங்களையுமில்ல மாத்திப்புடுவாரு அந்தக் கெளாக்கரு!”

“பொண்ணு பாக்க வர்றப்ப மூஞ்சி கழுவாமயா நிப்போம்?” என்றார் பொச்சு வைத்திருந்தவர். மற்றவர்கள் சிரித்தார்கள்.

 துவைகல்லில் அமர்ந்தேன். “இன்று இந்தத் தண்ணீரை யார் குடிப்பீர்கள்?” என்று கேட்டேன். 

“அய்யோ, இதையா? நாத்தம் கொடலப் புடுங்குமே. எட்டு மணி வரைக்கும் சும்மா ஓடவிட்ருவோம். செவ்வாக்கெழம வேலைக்கெல்லாம் முந்தின நாளே புடிச்சு வச்சுக்குவோம்.”

வாரத்தில் ஒருநாள், சில மணி நேரம், அந்தப் பீலியில் நல்ல தண்ணீர் ஓடியது. அதை நான் போத்தலில் பிடித்துப் பதுளைக்கு அனுப்பினேன். மிச்சத்தைக் கானில் ஓடவிட்டார்கள். ஏனைய ஆறு நாளும் ஓடிய தண்ணீரைப் பிள்ளைகள் குடித்தார்கள், என் கையெழுத்தை நம்பி.

அவர்கள் ஏமாற்றவில்லை. துண்டில் நல்லது என்று வந்தபோது அவர்களும் நம்பினார்கள். பரீட்சையில் தேறிய பிள்ளை மறுநாளும் தேறிய பிள்ளைதானே என்பதுபோல், பதுளையில் தேறிய தண்ணீர் எந்நாளும் தேறியதே என்று கொண்டார்கள். ஆயா அத்தண்ணீரைத் தானும் குடித்தார். சோதனை என்பது அறியாதபடி எடுக்கப்பட வேண்டியது என்று நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. நாளும் மணியும் குறித்து, அவர்கள் கண்ணெதிரே ஆரத்தி எடுத்தவள் நான்.

அப்போதுதான் ஆயா என் தோளில் கிடந்தவனைக் கண்டார். லாம்பைத் தூக்கி அருகே கொண்டுவந்தார். சிரிப்பு நின்றது.

“புள்ளைக்கு என்ன?”

“நேற்று பிள்ளைகளுக்குக் கொடுத்த தண்ணீர் எங்கே, அக்கா?”

அவர் பிள்ளைக்காம்பராவின் கதவைத் திறந்தார். மூலையில் மூடியிட்ட மண்பானை. பாதிக்குமேல் இருந்தது. பார்க்கத் தெளிவாக இருந்தது. அகப்பையால் மொண்டபோது லாம்பின் சுடர் அதன் அடிவரை இறங்கிற்று. ஓரங்குலம் விட்டுப் போத்தலை நிரப்பினேன். மூடியின் உட்புறம் விரல் படாமல் மூடினேன். அந்நிலையிலும் அதில் நான் தவறவில்லை.

ஆயா பேருந்துவரை என்னோடு ஓடிவந்தார்.  பேருந்து நகர்ந்தபின் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்து, “நீங்கதான டீச்சரம்மா நல்லதுன்னு எழுதுனீங்க?” என்று கேட்டார். குற்றச்சாட்டாகக் கேட்கவில்லை. அறிந்துகொள்ளவே கேட்டார். அதனால்தான் அது இன்றும் காதில் நிற்கிறது.

பதுளை மருத்துவமனையில் அவன் காலில் நரம்பைத் தேடி ஊசி ஏற்றி உப்புநீர் செலுத்தினார்கள். போத்தலை எதிர்க்கட்டடத்தில் கொடுத்துவிட்டு வந்தேன். பின்பு இரண்டு நாள், துளி துளியாக இறங்கும் அந்த நீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவும் தெளிந்த நீர்தான். யார் காய்ச்சினார்கள், யார் சோதித்தார்கள், அந்தச் சோதனைக்கு முன் யார் எதைக் கழுவினார்கள் என்று மனம் ஓயாமல் கேட்டது. தாதியிடம் ஒருமுறை வாய்விட்டே கேட்டேன். தாதி என்னைத் தூங்கச் சொன்னார்.

கணவருக்கு ஆள் மூலம் செய்தி போய், அவர் புதன் மாலை வந்து சேர்ந்தார். நான் அவரிடம் துண்டுகளைப் பற்றியோ நான்கு சொற்களைப் பற்றியோ பேசவில்லை. அவர் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, “இந்த முறை நேரத்தோடு கொண்டுவந்துவிட்டாய்,” என்றார். 

வியாழன் முற்பகல் ஊசியை மாற்ற வந்தார்கள். மகன் திமிறினான், வாயைத் திறந்தான். நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளப் போனேன். அவனுடைய வலக்கண்ணின் ஓரத்தில் ஏதோ திரண்டு மினுங்கிற்று. பின்பு அது உடைந்து காதுப்பக்கம் ஓடியது. தாதி, “அழுறான், அழுறான்,” என்று சமாதானப்படுத்த வந்தார். நான் வேண்டாம் என்று தடுத்தேன். அவன் அழட்டும். அத்தண்ணீரை நான் விரலால் தொட்டு நாவில் வைத்துப் பார்த்தேன்.

அன்று பிற்பகல் பரிசோதகர் விடுதியின் நடையில் என்னைத் தேடி வந்தார். கையில் துண்டு. 

“டீச்சர், இது அதே பீலித் தண்ணியா?”

நடந்ததைச் சொன்னேன். 

“ஆறு துண்டையும் வச்சு நான் மேலே எழுதி அனுப்பிட்டேன்,” என்றார் தாழ்ந்த குரலில். “இந்த ஓடை நல்லதுன்னு. இனி யாரும் பார்க்க வேண்டியதில்லன்னு.”

 பிறகு அவர் பேனாவை எடுத்து, துண்டின்கீழ் தமிழில் எழுதினார். உகந்ததன்று. அதன்கீழ் ஒரு கோடும் இழுத்தார். திருத்தி மறுபடி எழுதுவதாகச் சொன்னார். எழுதினார் என்பதைப் பின்னாளில் அறிந்தேன். தொட்டியை மலக்குழிகளுக்கு மேலே மாற்ற இரண்டு ஆண்டு பிடித்தது.

எட்டாம் நாள் பிள்ளையோடு திரும்பினேன். மாலை, வேலை முடிந்து ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் கலைந்து பெண்கள் பீலியில் நின்றார்கள். பலகையில் என் எழுத்து இன்னும் இருந்தது. மழைச்சாரலில் பாதி கரைந்து, நல்லது என்ற சொல் மட்டும் மிஞ்சியிருந்தது. அதை அழித்தேன். எழுதினேன்: இத்தண்ணீர் குடிக்க உகந்ததன்று. முன்பு நல்லது என்று எழுதியது பிழை. எழுதியவள் நான். ஒரு மாணவி அதை உரக்கப் படித்தாள்; இறுதிச் சொல்லில் அவள் குரல் தயங்கிற்று.  கிளாக்கர் எழுதப்போகும் கடிதத்தைப் பற்றிய நினைவு வந்தது. அந்த அச்சம் மற்றதன் பக்கத்தில் மிகச் சிறியதாகத் தெரிந்தது. கீழ் லயத்துப் பிள்ளைகள் இருவரும் தேறிவிட்டார்கள் என்று ஒருவர் சொன்ன பின்னரே எனக்கு மூச்சு வந்தது.

அதன்பின் போத்தல் பிடிக்கும் நாளை நான் எவருக்கும் சொன்னதில்லை. தபால்காரர், தாம் விரும்பிய ஒரு காலையில் என் கதவைத் தட்டி, “இன்னிக்கு,” என்று ஒரு சொல் சொல்வார். உடனே போய்ப் பிடிப்பேன். அவ்வாண்டு வந்த துண்டுகளில் ஒன்றேனும் நல்லதாக வரவில்லை. ஒவ்வொன்றும் அச்சத்தைத் தந்தது. ஆனால் ஒவ்வொன்றையும் நம்பினேன்.

பிள்ளைக்காம்பராவில் மறுபடி அடுப்பு மூண்டது. வேலை முடிந்து வரும் பெண்கள், தத்தம் மிலாறுக் கட்டிலிருந்து இரண்டு குச்சிகளை உருவி அதன் வாசலில் போட்டுவிட்டுப் போனார்கள். 

நான் மீண்டும் மகனை விடச் சென்ற முதல் காலை, ஆயா அவனை வாங்கிக்கொள்ளவில்லை. காய்ச்சி ஆறவைத்த பானையிலிருந்து ஒரு குவளை மொண்டு என்னிடம் நீட்டினார். பத்தொன்பது பிள்ளைகள் தரையில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“பலகையெல்லாம் எனக்குப் படிக்கத் தெரியாது, டீச்சரம்மா. நீங்க மொதல்ல குடிங்க. அப்புறம் நான் குடிக்கிறேன். அப்புறம் புள்ளைங்களுக்கு.”

குவளையை வெளிச்சத்திற்கு நேரே பிடித்தேன். அடிவரை தெரிந்தது. ஆயா என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். குடித்தேன். அவர் மீதியைக் குடித்தார். பின்பு என் மகனுக்குக் கையை நீட்டினார்.

மாற்றக் கடிதம் வரும்வரை, ஓராண்டும் சில மாதங்களும், ஒவ்வொரு காலையும் அவ்வாறே நடந்தது. ஒரு காலையேனும் அச்சமின்றிக் குடித்ததாக நினைவில்லை.